கண்டல் காட்டில் ஒரு முற்பகல்

அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுகூட மங்கையர்க்கரசிக்குப் பெரிதாகப் படவில்லை. தான் அதற்குப் பதில் சொன்னதுதான் மீன்முள் மாதிரி தொண்டையிலேயே நின்றது. காலை ஏழு மணி இருக்கும். நடு அந்தமானில், ரங்கத் ஊரின் விருந்தினர் விடுதி அறையில், அவள் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டே, "சாரதா, என் கண்ணாடிய எங்க வச்ச?" என்றார். அவளும், "ஜன்னல்ல இருக்கு பாருங்க" என்றாள். சொன்னதோடு விட்டாளா, தானே போய் எடுத்துத் துடைத்துக் கையிலும் கொடுத்தாள். அவர் வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மடிப்பில் ஊசி குத்தும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாரதா அவருடைய முதல் மனைவி. இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மங்கையர்க்கரசி அவரைக் கட்டிக்கொண்டு முப்பத்தைந்து நாள் ஆகிறது. மார்கழி பிறந்துவிடக் கூடாது என்று கார்த்திகையின் கடைசி வாரத்தில், மயிலாடுதுறை பதிவாளர் அலுவலகத்தில், அவளுடைய மகள் யாழினியும் அவருடைய மகனும் சாட்சிக் கையெழுத்துப் போட நடந்த கல்யாணம். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, அவருக்கு அறுபத்தொன்று. பொங்கல் விடுமுறையோடு நாலு நாள் சேர்த்து லீவு எடுத்து வந்திருக்கிறாள். டிக்கெட் போட்டது யாழினி. "காடு, கடல்னு பாத்துட்டு வாங்கம்மா, பயாலஜி டீச்சர்தான நீ" என்றாள்.

இப்போது படகில் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்துப் பேர் உட்காரக்கூடிய சின்ன மோட்டார் படகு. ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. அது அவளுக்குக் கழுத்தை அறுத்தது. படகோட்டி பிமல், வங்காளத்திலிருந்து இங்கே குடியேறியவர்களின் பேரன், பஜாரில் பழகிய தமிழில், "கை வெளிய வேணாம். முதலை இருக்கு" என்று சொல்லிவிட்டு எஞ்சினைத் தட்டினான். அகலமான நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, இரண்டு பக்கமும் காடு நெருங்கி வந்தது. காடு என்றால் கரையில் இருக்கிற காடு இல்லை. தண்ணீரிலேயே நின்றது. ஒவ்வொரு மரமும் பத்துப் பதினைந்து கால்களை ஊன்றி, முழங்காலை மடக்கி, சேற்றில் இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றது. சீர்காழி அரசு பெண்கள் பள்ளியில் இருபத்தொன்பது வருஷமாக இந்த மரத்தை அவள் கரும்பலகையில் வரைந்திருக்கிறாள். ரைசோஃபோரா, ஊன்று வேர்கள், அம்புக்குறி போட்டுப் பாகங்களைக் குறி, ஐந்து மதிப்பெண். பழுப்பு சாக்பீஸால் வேர், பச்சை சாக்பீஸால் இலை. ஒரு பச்சை சாக்பீஸ். இங்கே தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிற இலை பாசி நிறம், அதற்கு மேல் வெற்றிலை நிறம், உச்சியில் வெயில் பட்ட இடத்தில் மஞ்சளா பச்சையா என்று சொல்ல முடியாத தளிர். வந்த முதல் நாள் காட்டுச் சாலையில் தணிகாசலம் ஒரு வார்த்தை சொன்னார். அவர் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். "முப்பத்தாறு வருஷம் எனக்குப் பச்சைன்னா ஒரே பச்சைதாங்க. வேற மாதிரி இருந்தா ரிப்பேர்னு எழுதிடுவேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அன்று பூராவும் அவரை அவளுக்குப் பிடித்திருந்தது. இன்று கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனதிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. படகு கிளம்பியதிலிருந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கவனிக்கவேயில்லை போலிருக்கிறது. வாயில் வந்த பெயர், போய்விட்டது. இருபத்தெட்டு வருஷம் கூப்பிட்ட வாய்க்கு வேறென்ன வரும். சரி, அது நியாயம். ஆனால் நீ ஏன் போய் எடுத்துக் கொடுத்தாய்?

எதிர்ப் பலகையில் கோயம்புத்தூர்க்காரத் தம்பதி. அந்த அம்மாள் பெயர் பிரேமா; படகுத்துறையிலேயே பெயர், ஊர், தங்கியிருக்கும் ஓட்டல் எல்லாம் சொல்லிவிட்டாள். அவள் கணவர் தச்சுப்பட்டறை வைத்திருப்பவர். எந்த மரத்தைக் கண்டாலும் அடியிலிருந்து நுனிவரை கண்ணால் அறுத்துப் பலகை போட்டுக்கொண்டு வந்தார். "இத்தன மரம் இருந்து என்னங்க பிரயோஜனம், ஒண்ணாச்சும் நேரா இருக்குதா பாருங்க" என்றார். பிரேமாவுக்குக் காடு முழுக்கத் தன் போட்டோவுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை. "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குதுங்க, எங்க எடுத்தாலும் ஒண்ணுதான்" என்று அலுத்துக்கொண்டே எடுத்துத் தள்ளினாள். மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்தது, உடனே வெட்கமும் வந்தது. தான் மட்டும் என்ன பார்க்கிறோம்? ஐந்து மதிப்பெண் கேள்வியைப் பார்க்கிறோம். ஊரில் ஒரு மரம் என்றால் அது யாராவது ஒருவருடையது. மாமரம் செட்டியார் வீட்டுடையது, புன்னை கோயிலுடையது, ரோட்டுப் புளியமரம் ஏலம் எடுத்தவருடையது. இங்கே யாருடையதும் இல்லாமல் இவ்வளவு மரம். அதுதான் அவளை என்னவோ செய்கிறது. அழகு என்று சொல்லிவிட முடியவில்லை. யாரும் பார்க்காவிட்டாலும் இது பாட்டுக்கு இப்படியே நின்றிருக்கும். பிரேமா திடீரென்று போனைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு எத்தன பசங்கங்க?" என்றாள். "எனக்கு ஒரு பொண்ணு. அவருக்கு ஒரு பையன்" என்று வாய்வரை வந்ததை விழுங்கி, "ஒரு பொண்ணு, ஒரு பையன்" என்றாள். "பொண்ணு யாரு சாடைங்க? சார் மாதிரியா, உங்கள மாதிரியா?" பிமல் எஞ்சினைக் குறைத்த நேரம், கேள்வி தண்ணீர்மேல் அப்படியே தெளிவாக மிதந்தது. "அவ அப்பா சாடை" என்றாள் மங்கையர்க்கரசி. பொய் இல்லை. பிரேமா தணிகாசலத்தின் முகத்தை ஆராய்ந்துவிட்டு, "ஆமாங்க, மூக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். அவர் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது போல இருந்தது, வெயிலாகவும் இருக்கலாம்.

அவ அப்பா. கலியமூர்த்தி. கூட்டுறவு வங்கிச் செயலாளர். மார்வலி என்று நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை, பதினொரு வருஷம் ஆகிவிட்டது. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஒரே ஒரு பழக்கம், அவள் ஆரம்பிக்கிற வாக்கியத்தை அவர் முடிப்பார். கல்யாணமான இரண்டாம் வருஷம் பிச்சாவரம் போகலாமா என்று கேட்டாள். சீர்காழியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ். "அங்க என்ன இருக்கு, சேறும் கொசுவும்" என்றார். "இல்லங்க, பாடத்துல வருது, நான் நேர்ல..." என்று இழுத்தாள். "பாடத்துலதான் படம் போட்டிருக்கானே" என்று முடித்துவிட்டார். அத்தோடு சரி. அவருக்குப் பின்னால் இந்தப் பதினொரு வருஷத்தில் தானே ஒரு பஸ் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. வாக்கியத்தை முடித்துவைக்க ஆள் இல்லாதபோதும் அது அந்த இடத்திலேயே வந்து நின்றுவிடும். அவர் அவளைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இந்தா." பத்தொன்பது வருஷம் இந்தா. அந்தச் சொல்லுக்கும் அவள் திரும்பினாள்தானே? கூப்பிட்டால் திரும்புகிற கழுத்து. இந்தா என்றாலும் திரும்பும், சாரதா என்றாலும் திரும்பும். அடுத்தவர் எந்தப் பெயரை எடுத்து மாட்டினாலும் மாட்டிக்கொள்ளும். இது பயமா? பயம்தான். வருகிற ஜூனில் மாறுதல் வாங்கிக்கொண்டு தணிகாசலத்தின் அரக்கோணம் வீட்டுக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. அந்த வீட்டை ஒருமுறை போய்ப் பார்த்தாள். சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கெல்லாம் சாரதா கையால் எழுதி ஒட்டின சீட்டு: கடுகு, வெந்தயம், பெருங்காயம். குண்டு குண்டான, அழகான கையெழுத்து. அந்த டப்பாக்களைத் திறந்து மூடித் திறந்து மூடி, நாளாவட்டத்தில் அந்தக் கையெழுத்துக்குத் தகுந்த கையாகத் தன் கை மாறிவிடும். போகாமலே இருந்துவிட்டால்? மாறுதல் கிடைக்கவில்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? லீவுக்கு வருகிறேன் போகிறேன் என்று ஓட்டலாம். ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டு மறந்துபோகும். யாழினிதான் அழுவாள்.

"அதோ, தொங்குது பாருங்க" என்று பிமல் கையைக் காட்டினான். கிளையிலிருந்து முருங்கைக்காய் நீளத்துக்குப் பச்சையாக என்னவோ தொங்கியது. ஒன்று இல்லை, நூறு. பிரேமா, "காய்ங்களா? பொரியல் பண்ணலாமா?" என்றாள். "காய் இல்லைங்க, கன்னு" என்று மங்கையர்க்கரசி தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள். கனிக்குள் விதை முளைத்தல். வகுப்பில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பாடம், கண்ணெதிரே ஈரம் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. "இந்த உப்புத் தண்ணில விதை விழுந்தா முளைக்காதுங்க. அதனால மரத்துல இருக்கிறப்பவே விதை முளைச்சு, வேர் விட்டு, இந்த அளவு வளர்ந்த அப்புறம்தான் தாய் மரம் அத விடும்." சொல்லும்போதே குரல் வேகமெடுப்பது அவளுக்குத் தெரிந்தது. யாரோ குறுக்கே விழுந்து முடித்துவிடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற ஓட்டம். படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தணிகாசலம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். "கீழ விழுந்ததும் சேத்துல குத்தி நின்னுக்குமா?" என்று கேட்டார். படகில் ஏறிய பிறகு அவர் பேசின முதல் வார்த்தை. "தண்ணி வத்தியிருக்கிற நேரமா இருந்தா குத்தி நிக்கும். ஏறியிருந்தா மிதந்து போயிடும். மாசக் கணக்குல மிதக்கும்னு படிச்சிருக்கேன். எங்கயாவது கரை தட்டினா அங்க வேர் விடும்." "எல்லாமேவா?" "இல்ல. முக்கால்வாசி செத்துடும்." அவர் தலையசைத்துவிட்டு மேலே ஏதோ வரும் என்பது போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச இவ்வளவு இடம் கிடைத்து அவளுக்குப் பழக்கமில்லை. பிரேமா தன் புருஷனிடம் மெதுவாக, "நம்ம வாழ்க்க மாதிரியே இருக்குது பாருங்க" என்றாள். மங்கையர்க்கரசிக்கு அது பிடிக்கவில்லை. எதைப் பார்த்தாலும் தன் வாழ்க்கை மாதிரி என்று சொல்லிக்கொள்வது ஒரு வியாதி. மரம் மரமாக நிற்கிறது. அதற்கு உப்புத் தண்ணீர் ஒரு கஷ்டம், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதைப் போய் ஏன் நம்மோடு முடிச்சுப்போட வேண்டும்? ஆனால் வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனம் அந்தத் தொங்குகிற கன்றுகளையே சுற்றிச் சுற்றி வந்தது. முக்கால்வாசி செத்துடும் என்று ஏன் அப்படிப் பட்டென்று சொன்னோம்? அவர் முகம் அப்போது ஒரு மாதிரி ஆயிற்றே.

ஓடை முடிகிற இடத்தில் மரப்பலகைப் பாதை. சேற்றுக்கு மேலே கால்கள் நட்டுப் பலகை அடித்து, காட்டின் நடுவே வளைந்து வளைந்து அந்தப் பக்கக் கடற்கரைவரை போகிறது. "ஒரு மணி நேரத்துல வந்துடுங்க. தண்ணி எறங்கிடுச்சுன்னா படகு தட்டும்" என்று பிமல் விரலால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். கோயம்புத்தூர்க்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். பாதை ஒடுக்கம், ஒருவர் பின்னால் ஒருவர்தான் நடக்க முடியும். அவள் முன்னால், அவர் பின்னால். உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்து, காற்று நின்றுபோனது. வேக வைத்த முட்டையை உடைத்த மாதிரி ஒரு வாடை, அதற்குள்ளேயே ஏதோ பூவின் மணம். கீழே சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன மூச்சு வேர்கள். படத்தில் நாலு வரைவாள். நாலு போதும் என்று பிள்ளைகளிடமும் சொல்வாள். இங்கே கண் எட்டும் தூரம்வரை விரல். சேறு முழுக்க மெல்லிசாக டப், டப் என்று ஒரு சத்தம். நண்டா, காற்றுக் குமிழியா, தெரியவில்லை. காடே உதடு பிரிக்கிற மாதிரி இருந்தது. பாதையோரம் ஒரு மரத்தில் வனத்துறை தகரப் பலகை மாட்டியிருந்தது. தொடாதே, பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. அதிலிருந்த தாவரவியல் பெயரைப் படித்தவள் நின்றுவிட்டாள். தில்லை. சிதம்பரம் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, பிறந்த நாளிலிருந்து காதில் விழுகிற பெயர். அந்தப் பெயருக்கு ஒரு மரம் உண்டு, அதற்கு இலை உண்டு, பால் உண்டு என்று பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி. அது இவ்வளவு சாதாரணமாக, அரளி மாதிரி, நாலு இலை சிவந்து, ஒரு தீவின் சேற்றில் நிற்கிறது. நான் உன்னைக் கடல் தாண்டி வந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தாள். கண் கலங்கியது. மரத்துக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

பின்னால் அவர் காலடி நின்றது. "காலையில..." என்றார். அவ்வளவுதான். அவள் திரும்பாமல் தகரப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிய சொல்றீங்களா, பரவால்லங்க, விடுங்க: மூன்று வார்த்தைகளும் தயாராக நாக்கு நுனியில் வந்து நின்றன. சொல்லிவிட்டால் முடிந்துவிடும். இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய் இளநீர் குடிக்கலாம். சொல்லப்போனவள், வாயைத் திறந்தவள், சட்டென்று மூடிக்கொண்டாள். இது கலியமூர்த்தி செய்கிற வேலை அல்லவா? அடுத்தவர் வாக்கியத்தை எடுத்து முடிச்சுப்போட்டு ஓரமாக வைக்கிற வேலை. பத்தொன்பது வருஷம் கூட இருந்து அதைத்தானா கற்றுக்கொண்டோம்? அவள் உள்ளங்கையால் பலகைப் பாதையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சேறு டப், டப் என்றது. எங்கோ மேலே ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒரு மனிதன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குக் காத்திருப்பது இவ்வளவு கஷ்டமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"காலையில உங்கள வேற பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டேன்" என்றார் தணிகாசலம்.

"ஆமா."

"நீங்க கண்ணாடிய எடுத்துக் குடுத்தீங்க."

"ஆமா." அவள் திரும்பினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் அதன் தழும்பு. "நீங்க கவனிக்கலன்னு நெனச்சேன்."

"வாய விட்டு வந்த அடுத்த நிமிஷமே தெரிஞ்சிடுச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். நீங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி துடைச்சுக் குடுத்தீங்களா, எனக்கு அவமானமாப் போச்சு. அதான் வெளிய போயிட்டேன். படகுலயும் உங்க மூஞ்சியப் பாக்க முடியல." கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். "மறந்துட்டேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அவள மறக்கல. ஆனா உங்கள அவளா நெனச்சுக் கூப்பிடல. அது எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல."

படகில் அந்தப் பக்கமே திரும்பியிருந்த முகம் இதற்காகவா? அவள் காலையிலிருந்து அந்த முதுகை வைத்துக்கொண்டு என்னென்னவோ கட்டியிருந்தாள். அரக்கோணம் வீட்டையே பூட்டிச் சாவியைத் தூக்கிப் போட்டிருந்தாள். கோபம் வருமென்று பார்த்தாள், வரவில்லை. அதற்குப் பதிலாக, சொல்லவே கூடாது என்று வைத்திருந்தது வெளியே வந்தது.

"எனக்கு வருத்தம் இல்லன்னு சொன்னா பொய்ங்க. ஆனா நான் ஏன் பதில் சொன்னேன்னு காலையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டே வந்தேன். இப்பத்தான் தெரியுது. 'எங்க வச்ச'ன்னு கேட்டீங்க. முப்பத்தஞ்சு நாளா வாங்க, போங்க, சாப்டீங்களா, தூங்கினீங்களா. ஆபீஸ்ல புதுசா சேந்த ஆள்கிட்டப் பேசற மாதிரி. இன்னிக்குத்தான் முதல் தடவையா 'நீ'ன்னு பேசினீங்க. அதுவும் எனக்கில்ல. எனக்கில்லன்னு தெரியறதுக்குள்ள நான் வாங்கிக்கிட்டேன்."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டன. ஐம்பத்திரண்டு வயதில், சேற்றுக்கு மேலே நின்றுகொண்டு, ஒரு ஆளிடம் இதைக் கேட்டு வாங்குகிறோமே. அவர் அவளையே பார்த்தார். குறுக்கே எதுவும் சொல்லவில்லை. அவள் வாக்கியம் முழுக்க முடிந்ததா என்று உறுதி செய்துகொள்கிறவர் போல, சிக்னல் விழுந்த பிறகும் ஒரு கணம் பொறுத்திருப்பவர் போல நின்றார். பிறகு, "உங்கள என்னன்னு கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியலங்க" என்றார். "மங்கையர்க்கரசின்னா ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு. டீச்சர்னா சிரிப்பாங்க. அதனாலதான் பேரே இல்லாம ஓட்டிக்கிட்டிருந்தேன். நீங்களே சொல்லுங்க. என்னன்னு கூப்பிடட்டும்?"

அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அப்பா மங்கை என்பார். அது அவரோடு போய்விட்டது, அதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. பள்ளியில் மிஸ். மாமியார் ஏம்மா. யாழினிக்கு அம்மா. அரசி என்று இரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், அதில் ஒருத்தியோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் மற்றவர்கள் தைத்துக் கொடுத்த சட்டை. தனக்கு எது வேண்டும் என்று யோசித்தால் அந்த இடம் வெறுமையாக, கூட்டிப் பெருக்கி வைத்த மாதிரி இருந்தது. வெறுமை பயமாக இல்லை. அவசரமும் இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். "இப்பவே சொல்லணுமா?"

"வேணாம். மெதுவாச் சொல்லுங்க."

"ஆனா முதல்ல அந்த 'ங்க'வ விடுங்க."

அவர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. கடற்கரைவரை போகவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் கைப்பிடியில் சாய்ந்து நின்றார்கள். அவர் ஒவ்வொரு மரமாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டார்; பாதிக்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னாள். தெரியாததைத் தெரியவில்லை என்று ஒருவரிடம் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்குமென்று இத்தனை வருஷ வகுப்பில் அவள் கண்டதில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது, "பீச்சுக்கு வரலீங்களா? போட்டோ எடுக்கலீங்களா?" என்று பிரேமா பதறினாள்.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. வரும்போது மூழ்கியிருந்த வேர்களெல்லாம் இடுப்புவரை வெளியே தெரிந்தன. படகு பள்ளத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பாசி பிடித்த மூன்று படி இறங்கித்தான் ஏற வேண்டும். பிமல், "சீக்கிரம், சீக்கிரம்" என்றான். தணிகாசலம் முதலில் இறங்கினார். படகில் காலை அகட்டி ஊன்றி நின்று, திரும்பி, கையை நீட்டினார். ஏதோ சொல்ல வந்தார். பழக்க தோஷத்தில் உதடு ஒரு பக்கம் போனது, நிறுத்தினார். மேலே நின்றவள் காத்திருந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வா" என்றார்.

அவள் இறங்கினாள்.